சிப்பர் யாருக்காகக் காத்திருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

பாய்லருக்கு மரச்சில்லு வாங்கலாமா என்ற கேள்விக்குச் சென்ற இதழில், "ஈரத்தை அளக்காமல் வாங்காதீர்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரி போதாது என்று டர்பனிலிருந்தும் சூலுலாந்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த மாதம் பக்கம் முழுவதும் மரச்சில்லும், மரத்தைச் சில்லு சில்லாக நறுக்கும் சிப்பர் இயந்திரமும்தான். புதிய வாசகர்களுக்காக: நான் தென்னாப்பிரிக்காவின் எம்பாங்கேனியில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களுக்குச் செலவுக் கணக்குப் போட்டுக் கொடுப்பவள். கோத்தகிரியில் சீகைக்கும் கற்பூர மரத்துக்கும் நடுவே வளர்ந்தவள். இந்த ஊரில் வாட்டில் என்றும் யூகலிப்டஸ் என்றும் சொல்லப்படும் அந்த மரங்களோடுதான் என் பிழைப்பும் அமைந்தது.

கேள்வி: அம்மா, எஷோவே பக்கம் எங்களுக்குக் கரும்பு போக நாற்பது ஹெக்டேர் யூகலிப்டஸ் இருக்கிறது. ஒன்பது வயது மரங்கள். ஓர் ஒப்பந்தக்காரர், பெரிய சிப்பரைத் தோப்புக்கே கொண்டுவந்து, அங்கேயே பட்டையுரித்துச் சில்லாக்கி லாரியில் ஏற்றிவிடுகிறேன் என்கிறார். இன்னொருவர், கட்டையாக வெட்டி ரிச்சர்ட்ஸ் பே துறைமுகச் சில்லு ஆலைக்கு அனுப்புவதுதான் லாபம் என்கிறார். முதலாமவருடைய இயந்திரத்தின் மணிக் கட்டணத்தைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. எது மலிவு?
– எஷோவே வாசகர்

பதில்: மணிக் கட்டணத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம் ஐயா. ஒரு மணிக்கு எவ்வளவு என்பது பாதிக் கணக்கு. அந்த ஒரு மணியில் எத்தனை டன் லாரியில் ஏறியது என்பது மறுபாதி. அதைத் தீர்மானிப்பது சிப்பரின் குதிரைத்திறன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பது லாரிகளின் எண்ணிக்கை.

தோப்பில் ஓடும் சிப்பர் சில்லை நேராக லாரிக்குள்தான் துப்பும். லாரி இல்லாவிட்டால் அது நிற்க வேண்டியதுதான். தரையில் கொட்டினால் மணல் சேர்ந்துவிடும்; காகித ஆலை வாங்காது. கட்டையாக வெட்டும் முறையில் இந்தப் பிணைப்பு இல்லை. வெட்டுகிறவர் வெட்டி அடுக்கிவிட்டுப் போவார், லாரி அடுத்த வாரம் வரும், ஆலை அதற்கடுத்த வாரம் சில்லாக்கும். ஒருவருக்காக இன்னொருவர் நிற்பதில்லை.

இந்தப் பிணைப்புக்கு என்ன விலை என்று ஒரு கணக்குப் போடுவோம். கீழே உள்ள எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. உங்கள் ஒப்பந்தக்காரர் சொல்லும் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சிப்பர் ஓடினால் மணிக்கு 40 டன் பச்சைச் சில்லு. லாரிக்கு 30 டன். அப்படியானால் ஒரு லாரி நிறைய 45 நிமிடம். அறுபது எழுபது கிலோமீட்டர் பாரத்தோடு போக 90 நிமிடம், எடைமேடையும் இறக்குவதுமாக 45 நிமிடம், வெறும் லாரி திரும்பிவர 75 நிமிடம். ஒரு சுற்றுக்கு 255 நிமிடம்.

இரண்டே லாரி இருந்தால், இந்த 255 நிமிடத்தில் சிப்பர் ஓடுவது 90 நிமிடம், அதாவது நேரத்தில் 35 சதவீதம். நான்கு லாரி இருந்தால் 180 நிமிடம், அதாவது ஏறத்தாழ 71 சதவீதம். இயந்திரம் சும்மா நின்றாலும் கடன் தவணை, வட்டி, காப்பீடு, ஓட்டுநர் சம்பளம் நிற்காது. அதை மணிக்கு 1,800 ராண்ட் என்று வையுங்கள். ஓடும் மணிக்கு டீசல், கத்தி, சங்கிலி, பழுது என்று இன்னொரு 1,800. இப்போது வகுத்துப் பாருங்கள். இரண்டு லாரியோடு சில்லாக்கும் செலவு டன்னுக்கு ஏறத்தாழ 173 ராண்ட். நான்கு லாரியோடு 109. அதே இயந்திரம், அதே மரம், அதே ஓட்டுநர். வித்தியாசம் 64 ராண்ட், எல்லாம் காத்திருப்பு. ஆறு லாரி விட்டால் சிப்பர் நிற்காது, செலவு 90-க்கு இறங்கும். ஆனால் அப்போது லாரிகள் வரிசையில் நிற்கத் தொடங்கும், கத்தி மாற்றும் நேரமெல்லாம் ஆறு ஓட்டுநர்களும் கைகட்டி நிற்பார்கள். நான்கு, ஐந்தில்தான் பெரும்பாலும் கணக்கு நிலைகொள்ளும்.

இனி மரத்துக்கு வருவோம். தோப்பிலேயே சில்லாக்கும் முறை தன் முழு பலத்தையும் காட்டுவது சிறு மரங்களில். மெலிந்த மரத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து, கிளை கழித்து, பட்டையுரித்து, துண்டு போடுவதற்குப் பெரிய மரத்துக்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதி ஆகிவிடும், கிடைக்கும் மரமோ கொஞ்சம். மரம் சிறுக்கச் சிறுக்க டன் செலவு வேகமாக ஏறுவது எல்லா வெட்டு இயந்திரங்களுக்கும் பொது. சுழலும் சங்கிலிகளால் அடித்துப் பட்டையுரிக்கும் பெரிய சிப்பர் நான்கைந்து மெலிந்த மரங்களை ஒன்றாக வாயில் வாங்கிக்கொள்ளும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜப்பானுக்குப் போகும் யூகலிப்டஸ் சில்லை இப்படித்தான் தோப்பிலேயே எடுக்கிறார்கள். சங்கிலி அடியில் பட்டையோடு கொஞ்சம் நல்ல மரமும் சிதறிப் போவதை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உங்களுடையது ஒன்பது வயது, எழுதியிருக்கும் அளவைப் பார்த்தால் நல்ல பருமன். துறைமுகம் வெகு தூரமில்லை. ஆலையில் மின்சாரத்தில் ஓடும் பெரிய சிப்பரும் சலிக்கும் வசதியும் இருக்கின்றன. என் தீர்ப்பு: கட்டையாகவே அனுப்புங்கள். முதலாமவர் வேண்டுமானால், நாளொன்றுக்கு எத்தனை லாரி விடுவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான்குக்குக் குறைந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடம் உள்ள ஐந்து ஹெக்டேரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சிப்பரோ வெட்டு இயந்திரமோ, பெரிய இயந்திரத்தைத் தாழ்தள டிரெய்லரில் ஏற்றிவரும் செலவு 25,000 ராண்ட் என்றால், உங்கள் தோப்பில் ஹெக்டேருக்கு 150 டன் வீதம் 6,000 டன்னில் பரவும்போது டன்னுக்கு நான்கு ராண்ட்தான். அவருடைய 750 டன்னுக்கு மட்டும் தனியாக வந்தால் 33 ராண்ட். சிறு தோப்புக்காரர்களைப் பெரிய இயந்திரங்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். தேதியைப் பேசி ஒன்றாக வெட்டுவது அவர்களுக்குப் பெரிய உதவி.

கேள்வி: அக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்கில் துணி வெளுக்கும் நிலையம் நடத்துகிறோம். நிலக்கரி பாய்லரைச் சில்லுக்கு மாற்ற எண்ணம். ஒருவர் டன் 600 ராண்ட் என்கிறார், இன்னொருவர் 800 என்கிறார். 800-காரர் "என்னுடையது காய்ந்தது" என்கிறார். இருநூறு ராண்ட் கூடுதல் கொடுக்கும் அளவுக்குக் காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: அடுப்பும் தராசும் இருந்தால் போதும். சில்லு லாரியில் மேலே, நடுவில், அடியில் என்று பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து, அதிலிருந்து சரியாக ஒரு கிலோவை நிறுத்துக்கொள்ளுங்கள். மூடிய பையில் கொண்டுவாருங்கள். திறந்த வாளியில் கொண்டுவந்தால் வழியிலேயே காய்ந்து உங்களை ஏமாற்றும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஓவன் அடுப்பில் 105 டிகிரி செல்சியஸில் வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக இருக்கும்போது எடுத்துவிடலாம். பெரும்பாலும் ஓர் இரவு ஆகும். 1,000 கிராம் 640 ஆகியிருந்தால் ஈரம் 36 சதவீதம்.

இதே மாதிரியை விற்பவர் 56 சதவீதம் என்று சொன்னாலும் திகைக்க வேண்டாம். 360 கிராம் தண்ணீரை மொத்த எடையால் வகுக்காமல் உலர்ந்த 640-ஆல் வகுத்திருப்பார். மரத்தச்சர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எரிபொருள் வியாபாரத்தில் மொத்த எடைக் கணக்குதான் வழக்கம். ஒப்பந்தத்தில் எது என்று எழுதிவிடுங்கள்.

இனி விலை. முழுக்க உலர்ந்த மரத்தில் டன்னுக்கு ஏறத்தாழ 19 கிகாஜூல் வெப்பம் இருக்கிறது. ஈரம் இருந்தால் இரட்டை நஷ்டம்: அந்த அளவுக்கு மரம் குறைகிறது, இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகிறது. பாதிக்குப் பாதி ஈரமுள்ள பச்சைச் சில்லில் டன்னுக்கு மிஞ்சுவது 8.3 கிகாஜூல். 30 சதவீத ஈரத்தில் 12.6. இப்போது 600 ராண்டை 8.3-ஆல் வகுங்கள்: கிகாஜூலுக்கு 72 ராண்ட். 800-ஐ 12.6-ஆல் வகுங்கள்: 63 ராண்ட். அவர் சொல்வது உண்மையானால், விலை கூடிய சில்லுதான் மலிவு. ஈரச் சில்லில் பாய்லரின் திறனும் குறைவதை நான் இன்னும் சேர்க்கவில்லை.

நீங்கள் எரிக்கும் நிலக்கரியையும் இதே தராசில் வையுங்கள். தரத்தைப் பொறுத்து மாறும் என்றாலும், டன்னுக்கு 25 கிகாஜூல் என்று கொள்ளலாம். அப்படியானால் ஒரு டன் நிலக்கரிக்கு இரண்டு டன் காய்ந்த சில்லு, அல்லது மூன்று டன் பச்சைச் சில்லு வேண்டும். எடைதான் இரண்டு மூன்று மடங்கு. இடம் அதைவிடப் பல மடங்கு, ஏனென்றால் ஒரு கன மீட்டர் கட்டை சில்லானால் ஏறத்தாழ இரண்டரை கன மீட்டராகப் பொங்கும். கொட்டகையை அளக்காமல் பாய்லரை மாற்றாதீர்கள்.

நிலக்கரி போன்றவற்றை எரித்து வெளியேறும் கரியமில வாயு மீதான கார்பன் வரியைக் கேட்டிருந்தீர்கள். 2019 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த வரி, எரிப்பைப் பொறுத்தவரை, 10 மெகாவாட் வெப்பத்திறனும் அதற்கு மேலும் உள்ளவர்களைத்தான் நேரடியாகப் பிடிக்கும். வெளுப்பு நிலையத்து பாய்லர் அந்த அளவுக்கு வராது. ஆகவே வரியை மிச்சப்படுத்தலாம் என்று சொல்லி யாராவது உங்களுக்கு விற்க வந்தால், அந்தக் காரணத்தை ஏற்க வேண்டாம்.

இந்த விஷயத்தில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. இந்த நாட்டில் மரம் எடைக்கு விற்கப்படுகிறது. லாரிக்காரருக்குக் கூலியும் டன் கணக்கு. வளர்ப்பவர், வெட்டுபவர், ஏற்றுபவர் எல்லோருக்கும் ஈரம் இருந்தால் வருமானம். எரிப்பவருக்கு மட்டும் நஷ்டம். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, கிகாஜூல் கணக்கில் விலை பேசுவது. எடைமேடையிலேயே மாதிரி எடுத்து, ஈரம் பார்த்து, அதற்கேற்பப் பணம் கொடுங்கள். அப்போது வெட்டுபவரே ஏப்ரல் மே மாதங்களில் மரத்தைச் சாய்த்து, நம் வறண்ட குளிர்காலம் முழுக்கத் தோப்போரத்தில் அடுக்கிக் காயவிட்டு, ஆகஸ்டில் சில்லாக்கித் தருவார். வெயிலும் காற்றும் கூலி கேட்பதில்லை. இலையோடு சாய்த்துப் போட்டால் இலைகளே மரத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும். பிறகு உதிர்ந்து மண்ணுக்குப் போகும்.

லாரியிலும் இதன் பயன் தெரியும். இந்த நாட்டில் பொதுச் சாலையில் டிரெய்லரோடு சேர்த்து 56 டன், 22 மீட்டர் நீளம் என்பது வரம்பு. பச்சைச் சில்லில் பெட்டி முழுக்க நிறைவதற்கு முன்பே அந்த எடை எட்டிவிடலாம். அப்படியானால் நீங்கள் N3 நெடுஞ்சாலையில் தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறீர்கள். காய்ந்த சில்லில் பெட்டி நிறைந்தும் எடை மிஞ்சியிருக்கும். ஆகவே காய்ந்த சில்லுக்கு உயரமான பெட்டி உள்ள லாரியாகப் பார்த்து அமர்த்துங்கள்.

கேள்வி: பின்லாந்தில் கிளைகளையும் நுனிகளையும் ஓர் இயந்திரம் பாய் சுருட்டுவதுபோல் கட்டுக் கட்டாகக் கட்டிப் போடுவதைப் பார்த்தேன். நம் ஊரில் வெட்டிய தோப்புகளில் அவை வீணாகக் கிடக்கின்றன. ஏன் யாரும் அதை இங்கே கொண்டுவரவில்லை?
– கல்லூரி மாணவர், டர்பன்

பதில்: நல்ல கேள்வி தம்பி. அந்த இயந்திரம் கட்டும் ஒவ்வொரு கட்டும் சுமார் மூன்று மீட்டர் நீளம், அறுபது எழுபது சென்டிமீட்டர் குறுக்களவு, அரை டன் எடை. எரித்தால் ஏறத்தாழ ஒரு மெகாவாட் மணி வெப்பம். பின்லாந்தின் பியெட்டர்சாரியில் உள்ள ஆல்ஹோல்மென்ஸ் கிராஃப்ட் மின் நிலையம் இந்தக் கட்டுகளை நம்பியே தன் எரிபொருள் விநியோகத்தின் ஒரு பகுதியை அமைத்தது.

அதன் அழகு எங்கே இருக்கிறது தெரியுமா? மேலே எஷோவே வாசகருக்குச் சொன்ன காத்திருப்பு நோயை அது அறுத்துவிட்டது. கட்டுகளைச் சாதாரணக் கட்டை லாரியிலேயே ஏற்றலாம், சிப்பருக்காக லாரியோ லாரிக்காக சிப்பரோ நிற்பதில்லை. மின் நிலையத்தில் உள்ள ஒரே பெரிய நொறுக்கி எல்லாவற்றையும் பொடியாக்கும். ஆனால் அந்த லாபத்துக்கு விலையாக, கட்டும் வேலை என்று புதிதாக ஒரு செலவு வந்து சேர்ந்தது. கட்டும் இயந்திரம் மெதுவாக நகர்வது, விலையும் அதிகம். தூரம் கூடக் கூடத்தான் அது பலன் கொடுக்கும். பக்கத்தில் எரிக்கும் இடம் இருந்தால், தோப்போரச் சாலையில் குவித்து அங்கேயே சில்லாக்குவது மலிவு. பின்லாந்திலும் ஸ்வீடனிலும் இன்றுவரை அதிகம் புழங்குவது அந்தச் சாலையோர முறைதான்.

அதற்கும் முன்பு, சிப்பரையே காட்டுக்குள் ஓட்டிச் சென்று, முதுகில் உள்ள பெட்டியில் சில்லைச் சுமந்து வரும் முறையும் இருந்தது. அது ஏன் பின்தங்கியது என்பதை எளிதில் ஊகிக்கலாம்: சில்லாக்கத் தெரிந்த விலையுயர்ந்த இயந்திரம் பாதி நேரம் சுமை தூக்கிக்கொண்டிருந்தது.

நம் ஊருக்கு வருவோம். பின்லாந்தின் ஸ்ப்ரூஸ் மரம் அடிமுதல் நுனிவரை அடர்ந்த கிளை உடையது; வெட்டும் இயந்திரமே கிளைகளைக் குவியலாகப் போட்டுச் செல்லும். சூலுலாந்து யூகலிப்டஸ் நெட்டையாக வளர்ந்து உச்சியில் மட்டும் கிளைப்பது. மிஞ்சுவது கொஞ்சம், அதுவும் சிதறிக் கிடக்கும். அந்தக் கொஞ்சத்திலும் கையளவு தடித்ததைப் பக்கத்து ஊர்ப் பெண்கள் விறகுக்கு எடுத்துச் செல்கிறார்கள். அதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். எஞ்சுவது இலையும் சுள்ளியும் பட்டையும். மரத்தின் சத்தில் எடைக்கு மீறிய பங்கு இருப்பது இவற்றில்தான். சூலுலாந்துக் கடற்கரை மண் வெறும் மணல். அதிலிருந்து இவற்றையும் சுரண்டி எடுத்தால் அடுத்த வெட்டு மெலியும், அல்லது உரம் வாங்க வேண்டும். அந்த உரச் செலவை எழுதாமல் கிளைச் சில்லை மலிவு என்று காட்டும் கணக்கை நான் ஏற்பதில்லை.

பைன் மரம் உள்ள மேட்டு நிலங்களில் நிலைமை வேறு. முபுமலாங்கா மாகாணத்தில் உள்ள ங்கோட்வானா காகித ஆலை வளாகத்தில் 25 மெகாவாட் மின் நிலையம் ஒன்று தோட்டக் கழிவு மரத்தில் ஓடுகிறது. இந்தத் துறையில் வேலை செய்ய விருப்பம் இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள் தம்பி. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உள்ள வணிகக் காடு வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தையும் அணுகலாம்.

கேள்வி: என் அம்மா சிறு வயதில் தோப்பில் பட்டையுரிக்கும் பெண்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன கதையைச் சொல்வார். இப்போது இயந்திரம் வந்து அந்த வேலையெல்லாம் போய்விட்டது. செலவு குறைகிறது என்று நீங்கள் எழுதும்போது அந்தப் பெண்கள் எங்கே வருகிறார்கள்?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. நீங்கள் கேட்பது நியாயம்.

அந்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சாய்ந்த மரத்தின் அடிமுனையில் கைக்கோடரியின் கூர்முனையைப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே செருகி, ஒரு நெம்பு. மழைக்காலத்தில் பட்டை ஈரத்தோடு நீண்ட நாடாவாக உரிந்து வரும். குளிர்கால வறட்சியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு விரற்கடைக்கும் வெட்டு விழ வேண்டும். குனிந்த முதுகு நிமிராது. கூலியோ மரத்தை எண்ணித்தான். பட்டை ஒட்டும் மாதத்தில் அதே கூலிக்கு இரட்டிப்பு உழைப்பு. அந்த முதுகுவலியை யாருக்கும் நான் வேண்ட மாட்டேன். ஆனால் அந்த வேலை போன இடத்தில் வேறு வேலை வரவில்லை என்பதும் உண்மை.

கணக்குக்காரியாக நான் சொல்லக்கூடியது: இயந்திரம்தான் எப்போதும் மலிவு என்பது தவறு. சிறு தோப்பு, சரிவான நிலம், பெரிய இயந்திரத்தைக் கொண்டுவரும் செலவு தாங்காத இடம், இங்கெல்லாம் சங்கிலி வாள், கைப்பட்டையுரிப்பு, மூன்று சக்கர லோடர் என்ற பழைய கூட்டணி இன்றும் தோற்பதில்லை. அந்த லோடரும் நம் மண்ணின் பிள்ளைதான்; கரும்பு ஏற்றவென்று சூலுலாந்தில் பெல் நிறுவனம் உருவாக்கியது, பிறகு மரத்துக்கும் வந்தது. இத்தகைய இடங்களில் வங்கிக் கடனை விடக் கூலிக்குப் பணம் போவதே மேல் என்று நான் ஒப்பந்தக்காரர்களிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன். தரமான கையுறை, கால்காப்பு, பட்டை ஒட்டும் மாதங்களுக்குக் கூடுதல் கூலி, இவை மூன்றையும் என் செலவுத்தாளில் முதல் வரியாக எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறேன். இயந்திரம் வாங்குகிறவர்களிடம், ஓட்டுநர் பயிற்சிக்குப் பெண்களையும் அனுப்பும்படி வற்புறுத்துகிறேன். சிப்பர் ஓட்டத் தேவைப்படுவது பலமான தோள் அல்ல, கவனம்.

கேள்வி: மகன் ஒரு சிப்பரில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறான். தினமும் கத்தி மாற்றியே நேரம் போகிறதாம். இவ்வளவு அடிக்கடி மாற்றத்தான் வேண்டுமா?
– வெருலம் வாசகர்

பதில்: மாற்றத்தான் வேண்டும். மழுங்கிய கத்தி மரத்தை வெட்டாது, பிய்க்கும். அதே மரத்துக்கு டீசல் அதிகம் குடிக்கும், மணிக்குக் கிடைக்கும் டன் குறையும், பொடி பெருகும். மகனை ஒரு பிடிச் சில்லு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூரான கத்தியில் வந்த சில்லின் வெட்டு முகம் நகத்தால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும், ஓரம் நேராக இருக்கும். ஓரத்தில் நார் தொங்கினால், கையை உதறிய பிறகும் உள்ளங்கையில் பொடி ஒட்டியிருந்தால், நேரம் வந்துவிட்டது. லாரி வராத இடைவெளியில் மாற்றினால் தனி நேரமே ஆகாது. மணலில் இழுத்துவந்த மரம்தான் கத்திக்கு எமன். மரத்தைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள், இழுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் நிலத்தின் ஆற்றோரம் முழுக்கக் கறுப்பு வாட்டில் மண்டிவிட்டது. "சில்லை எனக்குக் கொடுத்தால் இலவசமாகச் சுத்தம் செய்கிறேன்" என்கிறார் ஒருவர். ஒப்புக்கொள்ளலாமா?
– ஹோவிக் வாசகர்

பதில்: பாதிதான் இலவசம். ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் நேட்டாலுக்கு வந்த இந்த மரத்தைப் பட்டைக்காகவும் சில்லுக்காகவும் இன்றும் தோட்டமாக வளர்க்கிறார்கள். ஆற்றோரத்தில் மண்டினால் அதுவே தண்ணீரைக் குடிக்கும் களை. 1995-இல் அரசு தொடங்கிய தண்ணீருக்காக வேலைத் திட்டம் இவற்றை அழிக்கவென்றே வந்தது. நீலகிரிப் புல்வெளிகளில் சீகை செய்ததை அறிந்தவள் என்பதால் சொல்கிறேன்: வெட்டுவது எளிது, திரும்ப முளைக்காமல் பார்ப்பதுதான் வேலை. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும்.

சில்லுக்காரருக்கு லாபம் தருவது சாலைக்குப் பக்கத்தில் உள்ள பருத்த மரம். அதை எடுத்துக்கொண்டு, சரிவில் உள்ள மெலிந்ததை விட்டுவிட்டுப் போவார். ஆகவே எழுத்தில் மூன்று நிபந்தனை போடுங்கள்: எல்லை முழுக்க வெட்டுவது, வெட்டிய அன்றே அடிக்கட்டைக்குக் களைக்கொல்லி மருந்து பூசுவது, அடுத்த ஆண்டுகளில் நாற்றுகளைக் களைய வருவது. மூன்றாவதற்கு அவர் சில்லு விலையில் ஒரு பங்கை உங்களிடம் ஒப்படைத்து வைக்கட்டும். அதற்குச் சம்மதிக்காவிட்டால், சில்லை நீங்களே விற்று, சுத்தம் செய்ய வேறு குழுவை அமர்த்துவது நல்லது. கரை சரிந்த இடத்தில் கனரக இயந்திரத்தை இறக்க விடாதீர்கள்.

கேள்வி: தெருக்கோடியில் உள்ள தொழிற்சாலையில் மரச்சில்லு மலைபோல் குவிந்திருக்கிறது. அதிகாலையில் அதிலிருந்து புகைபோல எழுகிறது. பேரனுக்கு வீசிங் இருக்கிறது. ஆபத்தா?
– டோங்காட் வாசகி

பதில்: காலைக் குளிரில் எழுவது பெரும்பாலும் நீராவிதான் அம்மா. பச்சைச் சில்லைக் குவித்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும், உள்ளே சூடேறும். குவியல் எவ்வளவு உயரமோ, அவ்வளவு சூடு. சொந்தக்காரருக்கும் இதில் நஷ்டம், மாதா மாதம் எரிபொருளே குவியலுக்குள் கரைகிறது. காய்ந்த பிறகு சில்லாக்கி, உயரத்தைக் குறைத்து, முதலில் வந்ததை முதலில் எரித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். இதை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். குவியலைக் கிளறும்போது பூஞ்சை வித்துகள் காற்றில் பரவும். பேரனின் வீசிங்குக்கு அது நல்லதல்ல. லோடர் ஓடும் நேரத்தில் ஜன்னலை மூடிவையுங்கள், மருத்துவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

வெள்ளையான ஆவிக்குப் பதில் கருகிய வாடையோடு நீலப் புகை வந்தால், அல்லது வெயில் ஏறிய பிறகும் நிற்காமல் வந்தால், உடனே தொழிற்சாலைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். அப்போது யாரும் மேலே ஏறிக் குத்திப் பார்க்கக் கூடாது; உள்ளே கனன்றுகொண்டிருந்தால் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும், குழிந்திருந்தால் ஆளே உள்ளே போய்விடுவார். தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து லோடரால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பரப்ப வேண்டும்.